டென்னிஸ் பெருமாள் கற்றுக்கொண்டது

சனிக்கிழமை காலை,
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் பள்ளி மண்டபத்தில்
பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில்
முழங்கால் தாடையில் இடிக்க
நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தோம்.
பாதிப்பேர் வகுப்பாசிரியர்கள்.
மீதிப்பேர் என்னைப்போல் உதவியாளர்கள்:
பத்து மாத ஒப்பந்தம், கழுத்தில் அட்டை,
பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது,
அழுகிறவனை வெளியே கூட்டிப்போய்
அழாதவனாகத் திருப்பிக் கொண்டுவருவது.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து வந்த அம்மா
புரொஜெக்டரைப் போட்டதும் கரண்ட் போனது.
யாரும் ஆச்சரியப்படவில்லை.
சாக்பீஸை எடுத்துக்கொண்டு கேட்டார்:
"கேள்வி கேட்டபின், பிள்ளை பதில் சொல்ல
எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்?"
பத்து நொடி என்றார் ஒருவர்.
அரை நிமிடம் என்றார்
பின்வரிசையில் சமோசாவும் வாயுமாக ஒருவர்.
எங்கள் வகுப்பு திருமதி சிபியா
"தேவையான அளவு" என்றார்.
கட்டம் போட்ட தாளை ஆளுக்கொன்று நீட்டி
"அளந்து பாருங்கள்" என்றார் அந்த அம்மா,
கையைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொண்டே.

சான்றிதழில் தெஷ்னி என்ற என் பெயர்
டென்னிஸ் என்று அச்சாகியிருந்தது.
பெருமாள் மட்டும் சரி.

திங்கட்கிழமை.
கடைசி வரிசையில் என்னை உட்காரவைத்து
"அள" என்றார் சிபியா.
என் வருகைத்தாளில் கையெழுத்துப் போடுகிறவர்.
போனை மடியில் மறைத்துக்கொண்டு
அவர் வாய் மூடும் கணத்தையும்
மறுபடி திறக்கும் கணத்தையும்
களவாடுகிறவள்போல் குறித்தேன்.
அரை நொடி.
முக்கால்.
ஒன்று.
பிறகு ஒன்றுமே இல்லை, கேள்வியும் அவரே பதிலும் அவரே.
தும்மல் வந்ததால் ஒருமுறை இரண்டரை.

இடைவேளையில் தாளைக் கேட்டார்.
கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமோ என்று
மடிந்த மூலையை என் விரல் நீவிக்கொண்டிருந்தது.
படித்தார். தேநீர் ஆறியது.
"இருபத்தாறு வருஷம்" என்றார்,
டாக்ஸிக் கட்டணம் சொல்கிற குரலில்.
அப்புறம், "நாளைக்கு நீ கேள். நான் அளக்கிறேன்."

செவ்வாய்.
என் கணக்கு அதைவிட மோசம்.
அவர் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

புதன் முழுக்க மழை.
விரிப்பில் முப்பத்தெட்டுப் பேர், ஈரக் காலுறை வாசம்.
"மழை எங்கிருந்து வருகிறது?"
எழுந்தன, எப்போதும் எழும் அதே ஆறு கைகள்.
சிபியா தன் கைகளை
முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டார்.
மூன்று.
நான்கு. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
ஐந்தில், மேகம் என்று சொல்லிவிடத் துடித்த நாக்கை
நான் கடித்துக்கொண்டேன்.
ஆறில் அந்தக் கைகள் வலித்து இறங்கின.
ஏழு.
எட்டில், ஜன்னலோரம் லுத்தாண்டோ,
பிப்ரவரி முதல் கழிப்பறை போக மட்டுமே
வாய் திறந்தவன்,
தலையைத் தூக்கினான்.
ஒன்பது.
"கூரையிலிருந்து" என்றான், ஜூலுவில்.
"முதலில் அம்மா கட்டில்மேல்.
கட்டிலை நகர்த்தினால் வாளியில்."

சிரிக்கப்போன ஒருத்தி
என் பார்வை பட்டதும் இருமினாள்.
பாடக்குறிப்பில் இருந்த விடை நீராவி, குளிர்ச்சி, மேகம்.
சிபியா பலகையில் கூரை ஒன்று வரைந்தார்.
அதில் ஓர் ஓட்டை. அடியில் வாளி.
நகர்த்திய கட்டிலையும் வரைந்தார், கால்கள் கோணலாக.
"சரி. அந்தக் கூரைக்கு மேலே?"
மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வாக்கில் மேகத்துக்கு வந்துசேர்ந்தோம்.
பாடத்திட்டத்தில் இரண்டு நாள் பின்தங்கிவிட்டோம் என்று
துறைத்தலைவர் கடிதம் எழுதினார்.
சிபியா அதைப் படித்துவிட்டு
அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டார்.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது.
வேறு ஒருத்தி வருவாள். கயிறு அதேதான், அட்டை மாறும்.
இப்போது பயிற்சி பற்றி ஒரு படிவம் வந்திருக்கிறது:
நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?
பதிலுக்கு விரல் நீளம் ஒரு கோடு.
ஒன்பது என்று எழுதினேன்.
பத்துக்கு ஒன்பது போட்டதாக நினைத்து
அந்த அம்மா சந்தோஷப்படட்டும்.
பெயர் என்ற இடத்தில்
சான்றிதழில் உள்ளபடியே போட்டேன்.